இரத்தத்துக்கு யார் உறை ஊற்றியது?

கொவிட்டால் இறந்த மாமாவின் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்தபோது ஊரடங்கு நீக்கப்பட்டு இரண்டு நாட்கள்தான் ஆகியிருந்தன. 2021 ஒக்டோபரின் முதல் வாரம். வந்திருந்த பத்துப் பன்னிரண்டு பேரும் முகக்கவசத்தை நாடிக்கு இறக்கிவிட்டு அவசரமாகச் சாப்பிட்டுப் போன பிறகு, மாமி குசினி வாசற்படியில் அமர்ந்து, காய்ச்சி ஆறவைத்த பாலைச் சட்டிகளில் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பெண். தகப்பன் எருமைப் பட்டி வைத்திருந்தவர். கல்யாணம் முடித்துக் கல்லடிக்கு வந்து முப்பத்தைந்து வருடமாகியும் தயிரைக் கடையில் வாங்கியதில்லை. பாலின் சூடு விரலுக்குப் பொறுக்கும் பதத்துக்கு இறங்கியதும், முதல் நாள் தயிரில் ஒரு கரண்டி எடுத்து ஒவ்வொரு சட்டிக்கும் விட்டுக் கலக்கியபடி, என்னை நிமிர்ந்து பாராமலே கேட்டார்: “பாலுக்கு நாம உறை ஊத்துறம், அது உறையுது. அவர்ர ரெத்தத்துக்கு ஆரு மனே உறை ஊத்தின?”

“வைரசுதான் மாமி” என்றேன். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. உயர்தர வகுப்புக்கு இருபத்தாறு வருடம் உயிரியல் படிப்பித்த மருமகன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டிருப்பார். எனக்கோ, சொல்லி முடித்த கணத்திலேயே அந்தப் பதில் பிழை என்று பட்டது. முழுப் பிழை என்றும் சொல்ல முடியாது. பரீட்சைத் தாளில் பாதிப் புள்ளி கொடுத்துவிட்டுப் போகக்கூடிய பதில். ஆனால் அந்தப் பாதிப் புள்ளி என்னை வருடக்கணக்கில் தூங்கவிடவில்லை.

வைத்தியசாலையிலிருந்து தொலைபேசியில் எங்களுக்குச் சொல்லப்பட்ட கடைசி விளக்கம், “சுவாசப்பையில இரத்தம் உறைஞ்சு போயிருக்கு” என்பது. தமிழில் பாலும் உறைகிறது, நெய்யும் உறைகிறது, தண்ணீரும் உறைகிறது, குருதியும் உறைகிறது. பாடநூலில் ‘குருதி உறைதல்’ என்ற தலைப்பை எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதிய எனக்கு அந்தச் சொல்லின் இன்னொரு வீடு குசினி என்பது ஒருநாளும் தோன்றியதில்லை. மாமிக்கு முதலில் தோன்றியதே அதுதான். உறைந்ததென்றால் உறை ஊற்றிய கை ஒன்று இருக்க வேண்டும்.

“எனக்கு ஒண்டுமில்ல”

மட்டக்களப்பில் காய்ச்சல் என்றால் முதலில் நினைவுக்கு வருவது டெங்கு. மழை தொடங்கினால் வீட்டுக்கு ஒருவர் எஃப்.பி.சி. என்ற குருதிப் பரிசோதனைத் துண்டோடு திரிவார், அதில் நாங்கள் பார்ப்பது ஒரே ஒரு எண்ணை, குருதிச் சிறுதட்டுக்களின் எண்ணிக்கையை. அது இறங்கினால் பயம், ஏறினால் நிம்மதி. டெங்கில் குருதிக்கலன்களின் சுவர் கசிந்து திரவம் வெளியேறும், சிறுதட்டுக்கள் குறையும், குருதி கசியலாம். ஆகவே அஸ்பிரின் கொடுக்கக்கூடாது என்பது எங்கள் ஊரில் எழுதப்படிக்கத் தெரியாத பாட்டிக்கும் தெரிந்த பாடம். காய்ச்சல் என்பது இரத்தத்தை நீர்க்கச் செய்கிற ஒன்று என்று எங்கள் அனுபவம் எங்களைப் பழக்கி வைத்திருந்தது. ஓகஸ்ட் நடுப்பகுதியில் 64 வயதான மாமாவுக்குக் காய்ச்சல் வந்து, கொத்தமல்லி அவித்துக் குடித்தும் பனடோல் போட்டும் நாலாம் நாள் எடுத்த அறிக்கையில் சிறுதட்டுக்கள் இரண்டு இலட்சத்துக்கு மேல் இருந்ததைக் கண்டு, வீடே ஆறுதல் அடைந்தது. “பிளேட்லெட் நல்லா இருக்கு” என்று வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குச் செய்தி அனுப்பியதும் நான்தான்.

ஏழாம் நாள் பக்கத்து வீட்டுக்காரர் இரவல் தந்த, குருதியின் ஒட்சிசனை அளக்கும் ஒக்சிமீற்றரை அவர் விரலில் மாட்டினோம். 86 காட்டியது. பற்றரி பிழையென்று நினைத்து என் விரலில் மாட்டிப் பார்த்தேன்; 98. திரும்ப அவர் விரலில், 85. மாமா சாய்மனைக் கதிரையில் கால் நீட்டி இருந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். “எனக்கு ஒண்டுமில்ல, சும்மா பயப்படுத்தாதீங்க” என்றார், ஒரே மூச்சில், இடையில் நிறுத்தாமல். மூச்சு வாங்காத ஒரு மனிதரின் ஒட்சிசன் அளவு அப்படி இறங்கியிருப்பதை நான் படித்த சுவாசத்தொழிற்பாடு எனக்கு விளக்கவில்லை என்று அப்போது நினைத்தேன். உண்மையில் அது விளக்கியிருந்தது. நமக்கு மூச்சுத் திணறலை உணர்த்துவதில் முதன்மையானது ஒட்சிசன் குறைவதைவிடக் காபனீரொட்சைட்டு கூடுவது. காபனீரொட்சைட்டு இழையங்களினூடாக ஒட்சிசனைக் காட்டிலும் ஏறத்தாழ இருபது மடங்கு எளிதாகப் பரவும். நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளான சிற்றறைகளில் பழுதடையாதவை கொஞ்சம் மீந்திருந்தாலும் அது வெளியேறிவிடும். அதனால் ஒட்சிசன் இறங்கிக்கொண்டே போக, மூளையோ எல்லாம் சரி என்று நம்பிக்கொண்டிருக்கும். இதை நான் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். வெற்றிலை மடிக்கிற மனிதர்மேல் பொருத்திப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

அன்றிரவே அம்புலன்ஸ் வந்தது. நாட்டில் தனிமைப்படுத்தல் ஊரடங்கு தொடங்கி இரண்டு நாள். நாங்கள் எவரும் கூடப் போக முடியவில்லை.

மூன்றாம் நாள் வட்சப்பில் வீடியோ அழைப்பு எடுத்தார். முகத்தில் ஒட்சிசன் முகமூடி. மாமி அழத் தொடங்கியதும், கதையை மாற்றுவதற்காகப் போலும், சேட்டைத் தூக்கி வயிற்றைக் காட்டினார். தொப்புளுக்கு இரண்டு பக்கமும் நாவற்பழம் நசிந்தது போல நாலைந்து கண்டல்கள். “தினம் வயித்துல ஊசி போடுறாங்க” என்றார். மாமி அதைப் பார்த்துவிட்டு, அவரை யாரோ அடித்திருக்கிறார்கள் என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தார். அது இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் எனொக்சபாரின் ஊசி. ஹெப்பாரின் இனத்தைச் சேர்ந்தது. ஊசி குத்திய இடத்தில் தோலுக்கடியில் கொஞ்சம் குருதி கசியும். தோலுக்கடியில் எளிதில் கண்டிப்போகிற அளவுக்கு உறையாத இரத்தம். அதே உடம்புக்குள், நுரையீரலில், உறைகிற இரத்தம். அந்த வீடியோவில் தெரிந்த ஐந்து நீலத் தடங்களை நான் விளங்கிக்கொள்ள இரண்டு மாதம் பிடித்தது.

எட்டாம் நாள் அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றிச் செயற்கைச் சுவாசம் கொடுத்தார்கள். பன்னிரண்டாம் நாள் அதிகாலை இறந்துபோனார். ஒட்சிசன் இல்லாமல் ஆட்கள் சாகிறார்கள் என்ற செய்தி உலகமெங்கும் இருந்து வந்துகொண்டிருந்த காலம் அது. மாமாவுக்கு ஒட்சிசன் குறைவில்லாமல் கிடைத்தது. கிடைத்தும் ஏறவில்லை.

கொப்பியின் பின்பக்கம்

அந்த விடுதியில் வேலைசெய்த வைத்தியர்களில் ஒருவர் என்னிடம் படித்தவர். நவம்பரில், வாடைக்காற்று மழை பிடித்திருந்த ஒரு ஞாயிறு, வீட்டுக்கு வந்தார். துக்கம் விசாரிக்க வந்தவரிடம் பாடம் கேட்பது முறையல்ல என்று தெரிந்தும் கேட்டேன்: ஒட்சிசன் கொடுத்தும் ஏன் ஏறவில்லை?

மேசையில் கிடந்த மகளின் கொப்பியைப் புரட்டி, கடைசித் தாளில் ஒரு திராட்சைக் குலை வரைந்தார். என்னிடம் படித்ததே அப்படித்தான். சிற்றறைகளைத் திராட்சையாக வரையச் சொல்லிக் கொடுத்தது நான். பிறகு அந்தப் பழங்களைச் சுற்றி வலைபோல மயிர்க்குழாய்கள், மிக நுண்ணிய குருதிக்குழாய்கள். “சேர், நீங்க காத்து போற பாதையையே நினைக்கிறீங்க” என்றார். “மாமாவுக்குச் சில இடத்தில காத்து வந்தது, இரத்தம் வரல்ல. சில இடத்தில இரத்தம் வந்தது, காத்து வரல்ல. ரெண்டும் ஒரே இடத்தில சந்திச்சாத்தானே ஒட்சிசன் ஏறும்.” சொல்லிக்கொண்டே, மயிர்க்குழாய்க் கோடுகளின் மேல் பேனையால் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகளை அழுத்தி அழுத்தி வைத்தார். தாள் மறுபக்கம் கிழிந்தது.

நான் அந்தப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுவாசம் எனக்கு ஓர் அலகு. குருதி உறைதல் வேறோர் அலகு. அதற்கு அரைப்பக்கப் பாய்ச்சற்கோட்டுப் படம். நிர்ப்பீடனம், அதாவது நோயெதிர்ப்பு, இன்னும் பின்னால் வரும் மூன்றாவது அலகு, பெரும்பாலும் பரீட்சைக்கு முந்திய மாதத்தில் ஓட்டமாக ஓடி முடிப்பது. மூன்றையும் ஒரே படத்தில் யாரும் வரைந்து நான் பார்த்ததில்லை, நானும் வரைந்ததில்லை. என் மாணவி மூன்று நிமிடத்தில் வரைந்துவிட்டார்.

அந்த இடம் எவ்வளவு நுண்ணியது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சிற்றறையில் உள்ள காற்றுக்கும் மயிர்க்குழாயில் ஓடும் குருதிக்கும் இடையேயுள்ள சுவர், மெல்லிய இடங்களில், ஒரு மில்லிமீற்றரை இரண்டாயிரமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கைவிடவும் மெல்லியது. மயிர்க்குழாயின் அகலம் ஒரு செங்குழியத்தின் அகலத்தோடு ஒத்தது. குழியங்கள் ஒவ்வொன்றாக, சில இடங்களில் உடல் மடித்து, ஒற்றையடிப் பாதையில் போவதுபோல் போகின்றன. ஓய்வாக இருக்கும்போது ஒரு செங்குழியம் அந்தப் பாதையைக் கடக்க எடுப்பது ஏறத்தாழ முக்கால் செக்கன். அதில் முதல் கால் செக்கனுக்குள் ஒட்சிசனை ஏற்றி முடித்துவிடும். நிமிடத்துக்கு ஐந்து லீற்றர் அளவு குருதி முழுவதும் இந்த ஒற்றையடிப் பாதைகளால்தான் போயாக வேண்டும். இப்படிப்பட்ட பாதையை அடைக்கப் பெரிய கட்டி தேவையில்லை. குருதி உறையும்போது உண்டாகும் நூல் போன்ற பைபிரின் இழைகள் சிலவும் அதில் சிக்கிய சிறுதட்டுக்களும் போதும்.

கால் நாளத்தில் கட்டி உருவாகி அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் அடைப்பதைத்தான் நான் அறிந்திருந்தேன். ஜேர்மனியரான ருடொல்ஃப் விர்சோவ் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் விளக்கியது அது. குருதி உறைவதற்குக் குருதிக்கலனின் சுவர் பழுதடைவது, ஓட்டம் மந்தமாவது, குருதியே உறையும் தன்மை மிகுந்திருப்பது என்று மருத்துவ மாணவர் மனனம் செய்யும் மூன்று காரணங்களும் அவர் பெயரால்தான் வழங்குகின்றன. மாமாவின் கால்களையும் ஸ்கேன் செய்து பார்த்திருக்கிறார்கள். ஒன்றும் இல்லை. கொவிட் நோயாளர் பலரில் இப்படித்தான் கண்டார்கள் என்றார் என் மாணவி: கட்டி எங்கிருந்தும் பயணம் செய்து வரவில்லை, இருந்த இடத்திலேயே உண்டாகியிருந்தது. மாமாவின் டி-டைமர் அளவு மிகவும் ஏறியிருந்ததாம். உறைந்த பைபிரின் கரையும்போது விழும் துண்டுதான் டி-டைமர். முதுமையிலும் கர்ப்பத்திலும் சத்திரசிகிச்சைக்குப் பின்னும் அது ஏறும். எங்கோ உறைவதும் கரைவதும் நடக்கிறது என்று சொல்லும், எங்கே என்று சொல்லாது. நாங்கள் வீட்டில் சிறுதட்டு எண்ணிக்கையைப் பார்த்து ஆறுதல்பட்டுக்கொண்டிருந்த நாட்களில் அந்த எண் ஏறிக்கொண்டிருந்திருக்கும்.

மாமாவின் நுரையீரலை எவரும் திறந்து பார்க்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நோயுற்ற உடலை அறிவதற்குரிய ஒன்றாகப் பார்க்காமல் ஆபத்தான பொதியாக மட்டும் பார்த்த காலம் அது. எரிப்பதா புதைப்பதா என்பதில் ஏறத்தாழ ஒரு வருடம் பிடிவாதம் பிடித்து, முஸ்லிம் குடும்பங்களை வதைத்து, 2021 மார்ச்சில்தான் எங்கள் மாவட்டத்து ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் செய்ய இந்த நாடு இடம் கொடுத்தது. நமக்குத் தெரிய வந்தது பிறர் உடல்களிலிருந்து. 2020 ஜூலையில் நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசின் இதழில் வெளிவந்த ஓர் ஆய்வில், கொவிட்டால் இறந்த ஏழு பேரின் நுரையீரல்களையும், எச்1என்1 இன்புளுவென்சாவால் நுரையீரல் செயலிழந்து இறந்த ஏழு பேரின் நுரையீரல்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். இரண்டிலும் சிற்றறைகள் சிதைந்திருந்தன. இரண்டிலும் நுண்கட்டிகள் இருந்தன. ஆனால் சிற்றறைகளைச் சூழ்ந்த மயிர்க்குழாய்களில் நுண்கட்டிகள் கொவிட் நுரையீரல்களில் ஒன்பது மடங்கு. ஏழு பேர் என்பது சின்னத் தொகை. ஆயினும் என் மாணவி தாள் கிழிய வைத்த புள்ளிகள் அந்த ஏழு பேரின் புள்ளிகளே என்று எனக்கு அன்றிரவு அதைத் தேடி வாசித்தபோது தோன்றியது.

வலை வீசும் கலம்

இனி மாமியின் கேள்வி. யார் ஊற்றியது?

வைரசு நுழைவது உண்மை. சிற்றறைச் சுவரில் இருக்கும் இரண்டாம் வகைக் கலங்களில் ஏ.சி.ஈ.2 என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு உள்ளே போகிறது. சிற்றறை சுருங்கி ஒட்டிப்போகாமல் காக்கும் வழுவழுப்பான பூச்சைச் சுரப்பவை அந்தக் கலங்களே. அவை இறந்தால் சிற்றறைகள் மடியத் தொடங்குகின்றன. வைரசின் வேலை பெரும்பாலும் இந்த அளவோடு நிற்கிறது. இதற்குப் பிறகு நடப்பவற்றைச் செய்பவை எல்லாம் உடம்பின் சொந்தக் கலங்கள்.

குருதிக்கலனின் உட்புறத்தை மூடியிருக்கும் அகவணிக் கலங்கள் சாதாரண நாளில் இரவுபகலாகச் செய்யும் வேலை, குருதியை உறையவிடாமல் பார்த்துக்கொள்வது. உறைதலைத் தடுக்கும் பொருட்களை அவை தம் மேற்பரப்பிலேயே வைத்திருக்கின்றன. பக்கத்தில் சிற்றறைச் சுவர் எரியத் தொடங்கியதும் அவை கட்சி மாறுகின்றன: தடுப்புப் பொருட்களை உதிர்த்துவிடுகின்றன, சிறுதட்டுக்கள் ஒட்டிக்கொள்ள வொன் வில்லிபிராண்ட் காரணி என்ற பசையை வெளியிடுகின்றன. ஒற்றைக்குழியங்கள் ‘இழையக் காரணி’ என்ற புரதத்தைத் தம் மேல் ஏந்தி வருகின்றன; கை வெட்டுப்படும்போது உறைதலைத் தொடக்கிவைக்கும் அதே புரதம், இங்கே வெட்டுக்காயம் இல்லாமலே குருதி ஓட்டத்துக்குள் வந்து நிற்கிறது. அழற்சியின் தூது கிடைத்த ஈரல், பைபிரினின் மூலப்பொருளான பைபிரினோசனைக் கூடுதலாகச் செய்து அனுப்புகிறது. உறைந்ததைக் கரைக்க வேண்டிய பொறிமுறையையும் அழற்சி பிடித்து நிறுத்திவிடுகிறது. உறைதலின் நொதியமான துரொம்பின், பைபிரினோசனை நறுக்கிப் பைபிரின் நூலாக்குவதோடு நில்லாமல், கலங்களின் மேலுள்ள வாங்கிகளைத் தட்டி அழற்சியை இன்னும் கூட்டுகிறது. அழற்சி உறைதலைக் கூட்ட, உறைதல் அழற்சியைக் கூட்ட, எது முதல் எது பின் என்று பிரிக்க முடியாத சுழல் அது.

என்னை மிகவும் அசைத்தது நடுநிலைநாடிகளின் கதை. வெண்குழியங்களில் எண்ணிக்கையில் மிகுந்தவை இவை; கிருமியை விழுங்கும் என்று படிப்பித்திருக்கிறேன். 2004இல் பெர்லின் ஆய்வாளர்கள் வேறொன்றைக் கண்டு சொன்னார்கள். இவை தம் கருவிலிருக்கும் டி.என்.ஏ.யைச் சிக்கவிழ்த்து வெளியே எறிந்து, அதையே வலையாக விரித்துக் கிருமியைப் பிடிக்கும். வீசிய கலம் பெரும்பாலும் அதோடு செத்துப்போகும். எங்கள் வாவியில் விடியப்புறம் தோணியில் நின்று வீச்சுவலை எறிபவரை எண்ணிக்கொள்ளுங்கள். இந்தக் கலம் தன் குடலை உருவி வலை பின்னுகிறது. அந்த வலையில் கிருமி மட்டும் சிக்குவதில்லை. சிறுதட்டுக்கள் சிக்குகின்றன, செங்குழியங்கள் சிக்குகின்றன, உறைதல் காரணிகள் அதன்மேல் உயிர்ப்படைகின்றன. ஒற்றையடிப் பாதையில் வலை விரித்தால் போக்குவரத்து என்னவாகும்?

இது உடம்பின் பிழையா என்றால், அப்படிச் சொல்லவும் மனம் வரவில்லை. குதிரைலாட நண்டின் குருதியில் கிருமி புகுந்தால், அதிலுள்ள கலங்கள் அந்த இடத்தைச் சுற்றிக் குருதியை உறையவைத்துக் கிருமியைச் சிறைப்படுத்திவிடும். பிரெடெரிக் பாங் என்பவர் 1950களில் அமெரிக்கக் கடற்கரையொன்றில் இதைக் கண்டார். ஊசிமருந்துகளில் பற்றீரிய நச்சு கலந்திருக்கிறதா என்று சோதிக்க இன்றுவரை அந்த நண்டின் நீலக் குருதியைத்தான் உலகம் பெரிதும் நம்பியிருக்கிறது. அந்த நண்டுக்கு உறைதலும் நிர்ப்பீடனமும் ஒரே வேலை. நமது உடம்பில் அவை இரண்டு அலகுகளாகப் பிரிந்துபோயின என்று நான்தான் நினைத்திருந்தேன். நுரையீரல் அப்படி நினைக்கவில்லை. 2013இல் இதற்கு நிர்ப்பீடன உறைவு என்று பொருள்படும் பெயரொன்றை வைத்தார்கள். கிருமி பரவாமல் வாசலை அடைப்பது நல்ல காவல். எல்லா வாசல்களையும் ஒரே இரவில் அடைத்துவிட்டால் வீட்டுக்காரனுக்கு மூச்சுமுட்டும்.

சொந்தக்காரர்களில் ஒரு சாரார் இதற்கெல்லாம் காரணம் தடுப்பூசிதான் என்று இன்றைக்கும் சாதிப்பார்கள். மாமா ஜூலையில் சினோபாம் ஒரு ஊசி போட்டிருந்தார். சிறுதட்டுக்கள் குறைந்து கட்டி உண்டாகும் அரிய பக்கவிளைவு அடினோவைரசைக் கொண்டு செய்த தடுப்பூசிகளில் அறியப்பட்டது. சினோபாம் அந்த வகையைச் சேராது. இதற்கு மேல் அவர்களோடு நான் வாதாடுவதில்லை.

வெட்டும் காலம்

எனக்கு ஒரு கணக்குத் தீர்க்க வேண்டியிருந்தது. காய்ச்சலின் மூன்றாம் நாள் மச்சான் ஒரு பாமசியில் சொல்லி பிரட்னிசலோன் குளிசை வாங்கி வந்திருந்தார். “ஸ்டீரொயிட் கொடுத்துத்தான் எல்லாரையும் காப்பாத்துறாங்களாம், கொடுக்கலாமா?” என்று என்னைத்தான் கேட்டார். அழற்சியைக் குறைக்கும், நல்லதுதான் என்றேன். ஐந்து நாள் கொடுத்தோம்.

ஸ்டீரொயிட் காப்பாற்றியது உண்மை. 2020 ஜூனில் பிரித்தானியாவின் ரிக்கவரி பரிசோதனை முடிவு வந்தது: நாளுக்கு 6 மில்லிகிராம் டெக்சாமெதசோன், அதிகபட்சம் பத்து நாள். செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களில் மரணம் மூன்றில் ஒரு பங்கும், ஒட்சிசன் மட்டும் பெற்றவர்களில் ஐந்தில் ஒரு பங்கும் குறைந்தது. மலிவான, பழைய மருந்து. அதே அறிக்கையின் மூன்றாவது வரியை நான் வாசித்திருக்கவில்லை. ஒட்சிசன் தேவைப்படாத நிலையில் இருந்தவர்களுக்கு அது நன்மை செய்யவில்லை. மருந்து பெற்றவர்களில் 17.8 வீதமும் பெறாதவர்களில் 14.0 வீதமும் இறந்திருந்தார்கள். அந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்று புள்ளிவிபரம் இடம்விடுகிறது. நான் எனக்கு அந்த இடத்தை விடவில்லை. மூன்றாம் நாள் என்பது வைரசு பெருகும் காலம். அதை எதிர்த்து நிற்க வேண்டிய படையை நான் வீட்டிலேயே இருத்திவிட்டேன்.

ஹெப்பாரினுக்கு இதன் மறுதலையான கதை. 2021 ஓகஸ்டில், மாமா காய்ச்சலில் கிடந்த அதே மாதம், பல நாடுகளின் கூட்டுப் பரிசோதனை முடிவுகள் வெளிவந்தன. வைத்தியசாலையில் இருந்தும் தீவிர நிலைக்குப் போகாத 2,219 பேரில், முழு அளவு ஹெப்பாரின் கொடுத்தபோது, உறுப்புகளுக்கு இயந்திர உதவியின்றி வீடு திரும்பியவர்கள் நூறு பேருக்கு நால்வர் என்ற அளவில் கூடினார்கள். ஏற்கெனவே தீவிர நிலையில் இருந்த 1,098 பேரில் அதே மருந்து அதே அளவில் பயன் தரவில்லை. குருதிக்கசிவு மட்டும் சற்றுக் கூடியது. உறைந்த பிறகு உறையாமல் தடுக்கும் மருந்து என்ன செய்யும்? அஸ்பிரினும் ஏறத்தாழ 15,000 பேரில் சோதிக்கப்பட்டு மரணத்தைக் குறைக்காமல் போனது. (ஹெப்பாரின் பன்றிக் குடலின் உள்ளணியிலிருந்து எடுக்கப்படுவது. காத்தான்குடியிலிருந்தும் ஏறாவூரிலிருந்தும் வந்து படுத்திருந்த முஸ்லிம்களின் வீட்டாருக்கு அதை மறைக்காமல் சொல்லி ஒப்புதல் கேட்டதாகவும், உயிர் காக்கும் நிர்ப்பந்தத்துக்கு மார்க்கத்தில் இடமுண்டு என்று அவர்கள் தயங்காமல் சம்மதித்ததாகவும் என் மாணவி சொன்னார்.)

ஒரே சுழலுக்கு இரண்டு மருந்து. ஒன்று பிந்திக் கொடுத்தால் காக்கும், மற்றது முந்திக் கொடுத்தால் காக்கும். வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை வெட்டும் விடயத்தில் எங்கள் ஊரில் வருடாவருடம் நடக்கும் இழுபறிதான் இது. மாரியில் வாவி நிரம்பி வயல் மூழ்கத் தொடங்கினால் விவசாயிகள் மணல் திட்டை உடனே வெட்டச் சொல்வார்கள். மீன்பிடிக்கிறவர்கள் பொறுக்கச் சொல்வார்கள். நீர் தள்ளும் அளவுக்கு நிரம்பாத காலத்தில் வெட்டினால் கடல் மணலைத் திரும்பக் கொண்டுவந்து மூடும். பிந்தி வெட்டினால் வேளாண்மை அழுகியிருக்கும். மண்வெட்டி ஒன்றே, மணல் திட்டும் ஒன்றே. நான் மூன்றாம் நாள் வெட்டியவன்.

அதற்காக மாமா என் குளிசையால் இறந்தார் என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. இல்லை என்று சொல்லவும் இல்லை. “ஐந்து நாள் குளிசை, சேர், அதுக்கு இவ்வளவு பாரம் ஏத்தாதீங்க” என்றார் என் மாணவி, குடையை விரித்துக்கொண்டு. ஏழாம் நாள்வரை ஒக்சிமீற்றரைத் தேடாமல் இருந்ததுதான் பெரிய பிழை என்று அவர் நினைத்திருக்கலாம். கேட்கவில்லை.

சட்டி

கடந்த தைப்பொங்கலுக்கு முதல் நாள் மாமி வீட்டுக்குப் போனபோது அவர் வழக்கம்போல் பால் ஆற்றிக்கொண்டிருந்தார். இந்தக் கட்டுரையின் பாதியை மனதில் எழுதி வைத்திருந்த தைரியத்தில், அன்றைக்கு நான் சொன்ன பதில் பிழை என்று தொடங்கினேன். பாலை உறையவைப்பது பற்றீரியா புளிக்கச் செய்யும் அமிலம், குருதியை உறையவைப்பது நொதியம், இரண்டும் ஒன்றல்ல என்று முதலில் விளக்கினேன். அது அவருக்குத் தேவையில்லாத பகுதி என்று முகம் சொன்னது. பிறகு, வைரசு உள்ளே வந்ததுதான், ஆனால் இரத்தத்தை உறையவைத்தது அவருடைய உடம்பே, காவலுக்கு வைத்திருந்ததையெல்லாம் ஒரே நேரத்தில் கொட்டிவிட்டது, உறை வெளியால் வரவில்லை என்றேன். குரல் என்னை அறியாமல் வகுப்பறைக் குரலாகியிருந்தது.

மாமி கரண்டியைக் கழுவி, முதல் நாள் சட்டியின் அடியில் ஒட்டியிருந்த தயிரை வழித்தெடுத்தார்.

“உறை எப்ப மனே வெளியால வந்தது?” என்றார். “நேத்தைய சட்டியில மிச்சம் கிடக்கிறதுதானே.”

ஐந்து சட்டிகளுக்கும் விட்டுக் கலக்கி, கடைசிச் சட்டியை என் பக்கம் தள்ளினார். “கொண்டு போய் அந்த மூலையில வை. ஆட்டிப்போடாத, ஆடினா உறையாது.”